திரையை அணைத்தது

ஸ்டுடியோவில் கேமராவோடு இணைத்திருந்த கணினித் திரையை நான்தான் அணைத்தேன். ஒவ்வொரு தாவலுக்குப் பிறகும் அந்த நடனக் கலைஞர் மூச்சு வாங்கியபடியே திரையருகே வந்து, பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அடுத்த தாவலில் அதைத் திருத்திக்கொண்டிருந்தார். பாதம் திருந்தத் திருந்த முகத்தில் உணர்வு வற்றிக்கொண்டே வந்தது. "ஏன் அணைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். "ஆடுவதை விட்டுவிட்டு உங்களைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டீர்கள்" என்றேன். "சரிபார்ப்பதும் ஆட்டத்தில் சேர்ந்ததுதானே" என்று சொல்லிவிட்டு, மேலும் வாதிடாமல் தன் இடத்துக்குத் திரும்பினார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தாவலை உறையவைப்பது இன்று பெரிய வித்தையல்ல. அரை மீட்டர் உயரம் எழும்புகிறவர் காற்றில் இருப்பது 0.6 விநாடிக்குச் சற்று மேல்; அதில் ஏறக்குறைய 0.2 விநாடியை உச்சியை ஒட்டிய 5 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிக்கிறார். உடல் நின்றுவிட்டதுபோல் தோன்றும் அந்த இடைவெளியைப் பிடிக்கக் கை பழகிவிடும். வீசும் கையை நிறுத்துவதுதான் கடினம். அதை நிறுத்துவதும் ஷட்டர் அல்ல, ஃபிளாஷ் ஒளிரும் நேரத்தின் குறுக்கமே. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் விரல்நுனி, ஃபிளாஷ் 1/500 விநாடி ஒளிர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 விநாடி என்றால் இரண்டரை மில்லிமீட்டர்தான். இவற்றையெல்லாம் கருவி பார்த்துக்கொள்ளும்போது, முகத்தைக் காப்பாற்றுவதுதான் எனக்கு மிஞ்சும் வேலை என்று நினைத்தேன். இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திரை அணைந்த பிறகு எடுத்தவற்றில் ஒரு படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தலை பின்னால் சாய்ந்து, கண்கள் பாதி மூடி, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தார். பின்காலின் பாதம் மட்டும் கணுக்காலிலிருந்து உள்நோக்கி வளைந்திருந்தது. படத்தைக் காட்டியதும் அவர் அதிலிருந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. "இந்தப் பாதத்தோடு தரையிறங்கினால் கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்" என்றார். நான் வடிவமாகப் பார்த்ததை அவர் அடுத்த கணத்தில் வரக்கூடிய காயமாகப் பார்த்தார். திரை இருந்திருந்தால் அடுத்த தாவலிலேயே திருத்தியிருப்பேன் என்றும் சொன்னார். "திருத்தியிருந்தால் இந்த முகம் கிடைத்திருக்காது" என்றேன். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானோ பாதத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்து ஒட்டித் தருவதாகச் சொன்னேன். அதை மறுத்துவிட்டு, உணர்வு குறைந்த வேறொரு படத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இத்தகைய வாதங்களில் நான் அலெக்ஸி புரோடோவிச்சைத் துணைக்கு அழைப்பது வழக்கம். 1930களில் பாலே நிகழ்ச்சிகளை ஃபிளாஷ் இல்லாமல், மெதுவான ஷட்டரில், உருவங்கள் கரைந்தோட எடுத்தவர் அவர். ஆனால் அந்த மங்கலில் பாதத்தைக் குறைசொல்ல யாராலும் முடியாது. நான் எடுத்ததோ தசைநார் வரை தெரியும் கூர்மையான படம். பாதத்தை அவ்வளவு துல்லியமாகக் காட்டிவிட்டு, அதைப் பார்க்காதீர்கள் என்று கேட்பது எந்த வகை நியாயம் என்று தெரியவில்லை. அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாமைப் படமெடுத்த பார்பரா மார்கனோ, ஆட்டத்தை முன்பே திரும்பத் திரும்பப் பார்த்து, வேண்டிய கணத்தை மனத்தில் தீர்மானித்துக்கொண்ட பிறகே ஸ்டுடியோவில் எடுத்தார். கிரஹாம் அந்த அசைவுகளை எத்தனையோ முறை பயின்றவர். பயிற்சி அவர் முகத்தை வெறுமையாக்கிவிடவில்லை. எடுத்துக்காட்டு என் கட்சிக்கு எதிராகவே போகிறது.

இப்போதெல்லாம் திரையை அணைக்கும் முன் கேட்டுக்கொள்கிறேன். பலரும் சரி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் விளக்கும் கேமராவும் என் வசம் இருக்கும் அறையில் வேண்டாம் என்று சொல்வது அவர்களுக்கு எவ்வளவு எளிது என்ற ஐயம் எனக்கு உண்டு. அண்மையில் ஒருவர் வேண்டாம் என்றே சொன்னார். அவருடைய படங்களில் முகமும் பாதமும் சேர்ந்தே நன்றாக வந்திருந்தன. அதற்குத் திரைதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.