2009-இன் தடம் தேடி: மணிலா, மரிகினா, ஜெனரல் சாண்டோஸ்

2009 என்றதும் நம்மில் பலருக்கு மே மாதம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான். அப்போது ஒரு தமிழ் நாளிதழில் இரவு டெஸ்க்கில் வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்தின் முதல் பாதி முழுக்க வன்னியிலிருந்து வந்த எண்ணிக்கைகளோடு போனது. இனி எண்ணிக்கைகளைத் தாங்க முடியாது என்று நினைத்திருந்த நேரத்தில்தான் நவம்பர் கடைசியில் பிலிப்பைன்ஸின் மகின்டனாவ் மாகாணத்தில் நடந்த படுகொலை பற்றி ஏஜென்சி செய்தி வந்தது. முதல் நாள் 21 உடல்கள். மறுநாள் 46. அதற்கும் மறுநாள் 57. மண்ணைத் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. இறந்தவர்களில் பாதிக்கு மேல் பத்திரிகைக்காரர்கள் என்று தெரிந்த இரவு, டெஸ்க்கில் யாரும் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை.

அந்த ஊரை ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. பதினாறு வருடம் கழித்து, போன ஜனவரியில்தான் முடிந்தது. இந்தியர்களுக்கு இப்போது 14 நாள் வரை விசா தேவையில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக மணிலா இறங்கினேன். விமான நிலையத்தின் பெயரே நினோய் அக்கினோ. 1983 ஆகஸ்ட் 21 அன்று, அமெரிக்காவிலிருந்து திரும்பிய எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ விமானத்தைவிட்டு இறங்கியதும் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். கொலை நடந்த இடத்துக்கே கொல்லப்பட்டவரின் பெயரை வைத்துவிட்டார்கள். குடியேற்ற வரிசையில் நின்றபோது அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் போனது பரனியாக்கே பகுதியின் சுகாட்டில் இருக்கும் மணிலா மெமோரியல் பார்க். நினோயின் மனைவி, முன்னாள் ஜனாதிபதி கோரி அக்கினோவை அடக்கம் செய்த இடம். 1986 பிப்ரவரியில் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரண்டு சர்வாதிகாரி மார்க்கோஸை விரட்டியபோது ஆட்சிக்கு வந்தவர் அவர். பெருங்குடல் புற்றுநோயால் 2009 ஆகஸ்ட் 1 அதிகாலை, 76 வயதில் இறந்தார். அரசு மரியாதையோடு அடக்கம் செய்ய முன்வந்தும் குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று இன்ட்ராமுரோஸ் கோட்டைக்குள் இருக்கும் மணிலா பேராலயத்திலிருந்து கிளம்பிய ஊர்வலம் சுகாட் வந்து சேர எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியில் மழை. அதே கோட்டை வாசலிலிருந்து நான் கார் பிடித்தேன். மணிலா நெரிசலிலும் ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிட்டோம். மீதி நேரத்தை எல்லாம் அன்றைக்கு மக்கள்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த ஊர்வலத்தின் ஒரு படத்தை நான் மறக்கவே இல்லை. திறந்த லாரி. மேலே மஞ்சள் பூக்கள், கொடி போர்த்திய பெட்டி. நான்கு மூலையிலும் நான்கு காவல் வீரர்கள், அசையாமல். எட்டு மணி நேரமும் அவர்கள் நின்றார்கள். சாப்பாடு இல்லை, மாற்று ஆள் இல்லை, தொப்பியிலிருந்து தண்ணீர் முகத்தில் வழிந்தும் துடைக்கவில்லை. மறுநாளே நாடு முழுக்க அந்த நால்வரைப் பற்றித்தான் பேச்சு.

கார் ஓட்டி வந்தவருக்கு அப்போது பத்தொன்பது வயதாம். அங்கே டிரைவரை 'குயா' என்று கூப்பிடலாம், அண்ணன் என்று அர்த்தம். அவர் என்னைவிடச் சின்னவர், ஆனாலும் அப்படித்தான் கூப்பிட்டேன். அன்று அரசு விடுமுறை என்பதால் அம்மாவோடு சாலையோரம் நாலு மணி நேரம் நின்றதாகச் சொன்னார். "லாரி கிட்டே வந்ததும் அம்மா குடையை மடக்கிவிட்டார். நான் ஏன் என்று கேட்டேன். பின்னால் நிற்கிறவர்களுக்கு மறைக்கும் என்றார். திரும்பிப் பார்த்தால் எங்கள் வரிசையில் ஒரு குடைகூட விரிந்திருக்கவில்லை." இதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினார். எல் எழுத்து. 'லாபன்', போராடு என்று அர்த்தம்.

கல்லறை ரொம்ப எளிமை. கோரிக்கும் நினோய்க்கும் பக்கத்துப் பக்கத்தில். 2021இல் இறந்த மகன் நோய்னோயும் இப்போது அவர்களோடு. யாரோ வைத்துவிட்டுப் போன மஞ்சள் பூக்கள் வெயிலில் வாடிக் கிடந்தன. நானும் வாசலில் வாங்கிய ஒரு கொத்தை வைத்தேன்.

அங்கே இறந்த நாளிலிருந்து நாற்பதாம் நாள் முக்கியம், நம் ஊரில் பதினாறாம் நாள் மாதிரி. 2009இல் அந்த நாற்பதாம் நாள் செப்டம்பர் 9. அன்று கிரீன்ஹில்ஸில் இருக்கும் கிளப் பிலிப்பினோவில் நோய்னோய் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதாக அறிவித்தார். 1986இல் அவருடைய அம்மா பதவி ஏற்றுக்கொண்ட அதே கட்டிடம். லிபரல் கட்சியின் வேட்பாளராகத் தயாராகிக்கொண்டிருந்த மார் ரோஹாஸ் ஒரு வாரம் முன்பே வழிவிட்டு விலகியிருந்தார். அம்மா இறக்காமல் இருந்திருந்தால் மகன் நின்றிருக்கவே மாட்டார் என்றுதான் நான் பேசிய எல்லோரும் சொல்கிறார்கள். மறு வருடம் மே மாதம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார்.

துக்கம் இப்படி வாக்காக மாறுவது சரியா என்று எனக்கு இன்னமும் தெளிவில்லை. மழையில் நின்றவர்களின் அன்பு உண்மை. அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த அன்புக்கு ஒரு கணக்கு இருந்தது, கூலியும் பஸ்ஸும் வீடும் சரியாகும் என்கிற கணக்கு. குயாவிடம் கேட்டேன். 2010இல் நோய்னோய்க்குப் போட்டாராம். 2016இல் துதெர்த்தேவுக்கு. 2022இல்? "அம்மாவிடம் சொல்லவில்லை" என்றார். அந்தத் தேர்தலில் மூன்று கோடிக்கும் மேல் வாக்கு வாங்கி ஜெயித்தவர் மார்க்கோஸின் மகன். நான் மேலே கேட்கவில்லை.

அடுத்த நாள் மரிகினா. எல்ஆர்டி 2 ரயிலில் சந்தோலான் வரைக்கும் போய் அங்கிருந்து ஜீப்னி என்னும் ஷேர் வண்டி. மரிகினா செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர். மார்க்கோஸின் மனைவி இமெல்டாவின் செருப்புகள் சிலவற்றை வைத்திருக்கும் அருங்காட்சியகமும் இங்கேதான். நான் அதற்குப் போகவில்லை, ஆற்றைப் பார்க்கப் போனேன்.

2009 செப்டம்பர் 26, சனிக்கிழமை. ஒந்தோய் புயல். உலகம் அதைக் கெட்சானா என்று சொன்னது, அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பக்கத்துக் கேசோன் நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ. மழை. அதில் பெரும்பகுதி முதல் ஆறு மணி நேரத்தில் கொட்டியது. மரிகினா ஆறு 21 மீட்டரைத் தாண்டி ஊருக்குள் வந்தது. மொத்தம் 464 பேர் இறந்தார்கள். ரப்பர் படகுகள் போதவில்லை, யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரியவில்லை. ஃபேஸ்புக்கில்தான் மக்கள் ஒருவருக்கொருவர் முகவரி பரிமாறிக்கொண்டார்கள். கேசோன் நகரில் பதினெட்டு வயதுக் கட்டிடத் தொழிலாளி ஒருவர் 30 பேருக்கு மேல் நீந்திப் போய்க் காப்பாற்றிவிட்டு, கடைசியாக ஒரு குழந்தையையும் தாயையும் கரை சேர்த்தபின் வெள்ளத்தோடு போய்விட்டார்.

ஆற்றங்கரை இப்போது நடைபாதை, பூங்கா என்று அழகாக இருக்கிறது. ஜனவரியில் தண்ணீர் பச்சையாக, கீழே எங்கோ கிடந்தது. இது எழுந்து ஊருக்குள் வந்ததா என்று நம்பவே முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு செருப்புக் கடை. அங்கிருந்த அம்மா, நான் எதற்கு வந்தேன் என்று தெரிந்ததும் உள்ளே கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். மாடிப்படியின் எட்டாவது படிக்கு நேராகப் பச்சைப் பெயின்ட்டில் ஒரு கோடு, 'ஒந்தோய்'. அதற்கு ஒட்டி இன்னொரு கோடு, 'யுலிஸ்ஸஸ்'. அது 2020 நவம்பரில் வந்த புயல். இரண்டு கோட்டுக்கும் நடுவே என் நான்கு விரல்தான் வைக்க முடிந்தது. தோல் வெட்டும் மேசைக்கு அடியில் சக்கரம் வைத்திருக்கிறார். கேட்டால், "பதினைந்து வந்தால் மெஷினை மாடிக்கு ஏற்றிவிடுவோம்" என்கிறார். பதினைந்து என்பது ஆற்றின் மீட்டர் கணக்கு. 15இல் முதல் சைரன், 16 என்றால் வெளியேறத் தொடங்க வேண்டும், 18 என்றால் கட்டாயம் வெளியேற்றிவிடுவார்கள். அந்த ஊரில் இந்த மூன்று எண்ணையும் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள்.

ஒந்தோய்க்குப் பிறகு 2010இல் பேரிடர் மேலாண்மைக்குத் தனிச் சட்டம் வந்தது. பல ஊர்களில் எச்சரிக்கை முறை நன்றாகவே மேம்பட்டது. ஆனால் வெள்ளத் தடுப்புக்கு என்று ஒதுக்கிய பணம் எங்கே போனது என்கிற கேள்வி 2025இல் வெடித்தது. கட்டாத சுவர்களுக்குக் காசு போயிருந்தது. செப்டம்பர் 21 அன்று லுனேட்டாவிலும் எட்சாவிலும் பெருங்கூட்டம் கூடியது. 1972இல் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்த தேதியைப் பார்த்தே அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். செருப்புக் கடை அம்மாவும் போயிருந்தாராம். "அட்டை எதுவும் எழுதிப் பிடிக்கவில்லை. ஒந்தோயில் நனைந்த சேற்றுப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன்" என்றார். அந்த பூட்ஸ் கடை வாசலில்தான் கிடந்தது. கணுக்காலுக்கு மேல் மண் நிறம் ஊறிப்போயிருந்தது.

மணிலாவிலிருந்து ஜெனரல் சாண்டோஸுக்கு இரண்டு மணி நேர விமானம். மின்டனாவ் தீவின் தெற்குக் கடற்கரை. 'ஜென்சான்' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சூரை மீன் ஊர். விடிகாலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. ஆளுயரச் சூரையைத் தோளில் சுமந்து வந்து மேசையில் போடுகிறார்கள். தரம் பார்ப்பவர் நீளமான இரும்புக் கம்பியை மீனுக்குள் குத்தி உருவுவார், நம் ஊரில் அரிசி மூட்டையில் குத்தூசி போடுவது போல. நுனியில் வந்த சதையை விரலில் தேய்த்து, நிறம் பார்த்து, ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தையில் மீன் ஜப்பானுக்கா உள்ளூர்ச் சந்தைக்கா என்று முடிவாகிவிடும். மத்தியானம் சுட்ட சூரைத் தாடையை, சோயா சாஸில் கலமான்சி என்னும் குட்டி எலுமிச்சை பிழிந்து தொட்டுச் சாப்பிட்டேன். அந்த ருசிக்கே ஒரு தடவை போகலாம்.

குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் வளர்ந்த ஊரும் இதுதான். 2009 மே மாதம் ரிக்கி ஹாட்டனை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தியவர், நவம்பர் 14 அன்று மிகெல் கோட்டோவை வென்று ஏழாவது எடைப் பிரிவிலும் பட்டம் வாங்கினார். ஊர் கொண்டாடித் தீர்த்தது. அந்தக் கொண்டாட்டத்தை எழுதிய, படம் எடுத்த உள்ளூர் நிருபர்கள் சிலர்தான் ஒன்பது நாள் கழித்து அந்தப் படுகொலையில் சிக்கிய வாகன வரிசையில் இருந்தார்கள்.

நவம்பர் 23, திங்கட்கிழமை. புலுவான் ஊரின் துணை மேயர் எஸ்மாயெல் மங்குதாதாத்து, மகின்டனாவ் மாகாண ஆளுநர் தேர்தலுக்கு வேட்புமனு தாக்கல் செய்ய வேண்டும். மாகாணத்தில் செல்வாக்கில் இருந்த அம்பாதுவான் குடும்பத்துக்கு எதிராக நிற்கிறார். மிரட்டல் இருந்ததால் தான் போகாமல் மனைவியையும் சகோதரிகளையும் அனுப்பினார். பெண்களைத் தொட மாட்டார்கள் என்பது அந்த மண்ணின் வழக்கம். கூடவே பத்திரிகைக்காரர்கள். கேமரா இருந்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள். சாலையில் மறித்து, மசாலாய் என்னும் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். குழி ஏற்கெனவே தோண்டி வைத்திருந்தது. தோண்டிய இயந்திரம் மாகாண அரசுடையது. அந்த நேரத்தில் அதே சாலையில் தற்செயலாக வந்த ஆறு பேரையும் விடவில்லை. அதில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த நோயாளி. பத்திரிகைத் துறையைச் சேர்ந்தவர்கள் மட்டும் 32 பேர். ஒரே தாக்குதலில் இத்தனை பத்திரிகைக்காரர்கள் உலகில் எங்கேயும் கொல்லப்பட்டதில்லை.

வழக்கு பத்து வருடம் நடந்தது. 2019 டிசம்பர் 19 அன்று நீதிபதி ஜோசலின் சோலிஸ் ரேயஸ் தீர்ப்பளித்தார். அம்பாதுவான் சகோதரர்கள் உட்பட 28 பேருக்குக் கொலைக் குற்றத்தில் நீண்ட சிறை. ஆனால் தண்டனை 57 கொலைகளுக்குத்தான். ஒரு புகைப்படக்காரரின் உடல் கிடைக்கவே இல்லை, பல்செட் மட்டுமே கிடைத்தது. அவர் அங்கே இறந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவருடைய மகள் அந்த ஒரு எண்ணுக்காக இன்னொரு போராட்டம் நடத்த வேண்டிவந்தது.

மசாலாய் போக ஆசைப்பட்டேன். அந்தப் பக்கம் பழக்கமான ஆள் துணை இல்லாமல் போகாதீர்கள் என்று விடுதியில் சொன்னார்கள், சரி என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, நிருபர்கள் சிலர் பக்கத்துப் பக்கத்தில் அடக்கமாகியிருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு ட்ரைசிக்கிளில் போனேன். சாயங்காலம். நான் மட்டும்தான். புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். நீங்கள் சொந்தமா என்று கேட்டார். இல்லை, அதே வேலை பார்த்தவன் என்றேன். ஒரு கல்லின் மேல் கிடந்த புல் துணுக்குகளைக் கையாலேயே துடைத்துவிட்டு, பெயரைப் படித்துக் காட்டினார். அப்புறம் அடுத்த கல். அவருக்குப் பெயர்கள் மனப்பாடம்.

புகைப்படக்காரருக்கு அங்கே கல் இல்லை.

அந்த வாரம் எங்கள் பத்திரிகையில் கடைசியாகப் போன எண்ணிக்கை 57. அந்தப் பத்தியை எழுதி அச்சுக்கு அனுப்பியது நான்தான். பிறகு அந்தச் செய்தி எங்கள் பக்கத்துக்கு வரவில்லை, நானும் தேடிப் போடவில்லை. இறந்தவர்கள் 58 பேர்.