கம்போரோ: செத்ததை விட பொழச்ச கோழிதான் பெரிய தலைவலி

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழி பண்ணை வச்சிருக்கேன். கம்போரோ கோழிக்குஞ்சுக்கு வர்ற ஒரு வைரஸ் நோய், அதுன்னா இங்க எல்லாரும் எத்தனை செத்துச்சுன்னுதான் கேப்பாங்க, பொழச்சது என்ன ஆச்சுன்னு யாரும் கேக்கறதில்ல, அதான் எழுதறேன்.

குஞ்சு ஷெட்ல அஞ்சாவது வாரம், நல்லா தீனி எடுத்துட்டு இருந்ததுங்க திடீர்னு இறகை சிலுப்பிட்டு ஒடுங்கிடுச்சு, வெள்ளையா தண்ணி தண்ணியா கழிச்சல். சாவு மளமளன்னு ஏறிட்டு சில நாள்ல சட்டுனு எறங்கிடும், இதோட குணமே அப்படித்தான். வெள்ளை லெகார்ன்ங்கற முட்டைக்கோழி ரகத்துல கறிக்கோழியான பிராய்லரை விட அதிகமாவே சாகும்.

டாக்டர் செத்ததை அறுத்து காமிச்சார். தொடையிலயும் நெஞ்சுக்கறியிலயும் ரத்தத் திட்டு. அப்புறம் பீத்துவாரத்துக்கு மேல இருந்து ஒரு உருண்டையை எடுத்தார், அதான் பர்சா, நல்லா வீங்கி மேல மஞ்சளா ஜெல்லி மூடியிருந்துச்சு, வெட்டினா உள்மடிப்பெல்லாம் ரத்தம். கோழிக்கு நோய் எதிர்ப்புக்கான பி செல் வளர்றதே அங்கதான், கிருமியை எதிர்க்கற ஆன்டிபாடியை பண்றதும் அந்த செல்தான். இந்த வைரஸ் தேடிப்போயி அழிக்கறது அதுலயும் முதிராத செல்லை. இன்னொரு எதிர்ப்பு செல்லான டி செல் பெருசா அடிபடாது, ஆனா பர்சாவுக்குள்ள கூட்டமா வந்து அதுவும் தன் பங்குக்கு சேதம் பண்ணும். வீங்கின பர்சா ஒரு வாரத்துல வழக்கமான எடையில மூணுல ஒரு பங்கா சுருங்கிடும்னார், பின்னாடி பொழச்சதுல ஒண்ணை அறுத்துப் பாத்தோம், கொண்டைக்கடலை மாதிரி இருந்துச்சு.

வைரஸுக்கு மருந்து கிடையாது. கிட்னியும் அடிவாங்கறதால வெல்லத் தண்ணி, எலக்ட்ரோலைட், தீனியில புரோட்டீனை கொஞ்சம் குறைச்சோம், அவ்வளவுதான்.

சாவு நின்னதுக்கு அப்புறம்தான் ஆட்டமே. ராணிக்கெட்ங்கற இன்னொரு வைரஸ் நோய்க்கு லசோட்டா தடுப்பு மருந்து குடுத்து ரத்தம் எடுத்து பாத்தா அதோட டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு, ஏறவே இல்ல, ஏன்னா தடுப்பூசிக்கு பதில் சொல்ல வேண்டிய செல்லே பாதி காலி, அதுக்குள்ள சளி, ஈகோலைன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. இதுங்களை வச்சு வருசத்துக்கு மேல முட்டை எடுக்கணும் பாருங்க! ராணிக்கெட் ஊசியை திரும்ப திரும்ப போட்டு, டைட்டர் பாத்து பாத்துதான் ஓட்டினோம். மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்திருந்தா இன்னும் மோசமாம், வெளிய ஒரு அறிகுறியும் தெரியாது ஆனா எதிர்ப்பு சக்தி நிரந்தரமா போயிடும்.

1962ல அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்து கம்போரோங்கற ஊர்ப் பக்கம் கண்டுபிடிச்ச நோய், இன்னும் போகலைன்னா காரணம் அந்த வைரஸ் சாமானியத்துல சாகாது, காலி ஷெட்லயே நூறு நாளைக்கு மேல கிடக்கும், எருவுல இருக்கற கருவண்டும் கூட சுமந்துட்டு திரியும். எருவை முழுசா வாரி, கேஸ் ஃப்ளேம்ல சுட்டு, ஃபார்மலின் அடிச்சு ஷெட்டை காயப் போட்டோம்.

அடுத்த பேட்ச்சுக்கு கம்போரோ தடுப்பு மருந்து தேதியை காலண்டர் பாத்து குறிக்கல. தாய்க்கோழி வழியா வந்த ஆன்டிபாடி அதிகமா இருந்தா அதுவே தடுப்பு மருந்துல இருக்கற வைரஸை அமுக்கிடும், ரொம்ப எறங்க விட்டா நோய் முந்திக்கும். அதனால குஞ்சு வந்ததுமே சிலதுக்கு ரத்தம் எடுத்து எலிசாங்கற ஆன்டிபாடி டெஸ்ட் பாத்து டாக்டர் நாள் சொன்னார். தண்ணியில குளோரின் நிறுத்தி, கொழுப்பெடுத்த பால் பவுடர் கலந்து, கோழியை கொஞ்சம் தாகத்துல விட்டு விடியக்காலையிலயே மருந்தை குடுத்தாச்சு. இந்த தடவை டைட்டர் நல்லாவே ஏறியிருக்கு.