பேட்ச் கார்டில் இருந்த கையெழுத்து

எங்கள் ஷாம்பூ, கிரீம் கம்பெனியின் லேபை முப்பது வருஷத்துக்கு மேல் நடத்தி ஓய்வு பெற்ற மேடத்துக்குப் பாராட்டு விழா எடுக்க, பழைய ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து முடிவு செய்தோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மண்டபம், சால்வை, சாப்பாடு எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டன. இழுத்தடித்தது பாராட்டு மடல்தான். இரண்டு மாதம்.

எழுத ஒன்றும் அகப்படவில்லை. பேராசிரியர் என்றால் ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். ஷாம்பூவும் கிரீமும் செய்கிற கெமிஸ்டுக்கு ஏது? ஃபார்முலா கம்பெனி ரகசியம். பாட்டிலின் பின்பக்கம் உற்பத்தியாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண் எல்லாம் இருக்கும். உருவாக்கியவர் பெயர் இருக்காது. கடலூர்க்காரர்களுக்கு சாஷே ஷாம்பூ என்றால் அதன் முன்னோடி சின்னி கிருஷ்ணன் நினைவுக்கு வருவார், 1983ல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கிய அவர் மகன் ரங்கநாதன் வருவார். நியாயம்தான். நாங்கள் இருந்தது வேறொரு சின்னக் கம்பெனி. அங்கே முதலாளி பெயரே ஊருக்குத் தெரியாது.

மேடத்திடமே கேட்டேன். "நான் என்ன தம்பி பண்ணேன்? உப்பு போட்டேன், கலக்குனேன்" என்றார்.

அந்த உப்பு சாதாரண விஷயமில்லை. நுரை தரும் எஸ்எல்இஎஸ் கரைசலில் சமையல் உப்பு சேரச் சேர ஷாம்பூ கெட்டியாகும். ஓர் அளவைத் தாண்டினால் திரும்பத் தண்ணீராக இளகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நைட் ஷிஃப்டில் இளகிக் கிடந்த ஒரு பேட்சில் உப்பைக் கொட்டிக்கொண்டே போனேன். அது இன்னும் இளகியது. காலையில் வந்த மேடம் திட்டவில்லை. பீக்கரில் நூறு கிராம் எடுத்து, உப்பே போடாத ஷாம்பூ பேஸை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினார். கண்ணாடிக் குச்சியைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக விழுந்தது, கொஞ்ச நேரத்தில் நூல் பிடித்து இறங்கியது. அந்தக் கணக்கைப் பெருக்கித் தொட்டி முழுவதையும் காப்பாற்றினோம்.

சரி, இதையெல்லாம் மடலில் எழுதலாம். ஆனால் ஆதாரம் என்று ஏதாவது வேண்டாமா? நண்பன் ஒருவன் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் தேடச் சொன்னான். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கம்பெனி பெயர்தான் இருக்கும், கண்டுபிடிப்பாளர் என்ற கட்டம் தனி, அதில் ஆளின் பெயர் இருந்தாக வேண்டும். தேடினேன், வரவில்லை. இனிஷியலை முன்னால் போட்டேன், பின்னால் போட்டேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டை மாற்றினேன். கடைசியில் கணவர் இனிஷியலை எடுத்துவிட்டு அப்பா பெயரை முழுசாக அடித்ததும் இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. டிகிரி சான்றிதழில் இருக்கும் பெயரைத்தான் கொடுத்திருக்கிறார். பெண்களைப் பற்றித் தகவல் தேடுகிறவர்கள் முதலிலேயே இதைச் செய்யுங்கள், ஒரு வாரம் மிச்சமாகும்.

அப்புறம் பழைய பேட்ச் கார்டுகள், அதாவது ஒவ்வொரு பேட்சுக்கும் எழுதி வைக்கும் பதிவுகள். நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதில் "ஃபார்முலா பக்கம் வேண்டாம், கையெழுத்துப் பக்கம் மட்டும் பார்க்கிறோம்" என்று சேர்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். தூசி தட்டிப் புரட்டினால், 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் வருஷக்கணக்காக ஒரே கையெழுத்து. கீழே தேதி மட்டுமல்ல, நேரமும்.

தேடியதில் கிடைத்த பெரிய விஷயம், சோதனை நோட்டின் 2012 ஜனவரி பக்கம். முந்தைய டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கரை கடந்தது. எங்கள் பக்கம் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு புது கிரீம் நிலைத்தன்மைச் சோதனையில் இருந்தது: 40, 45 டிகிரி அலமாரிகளில் மூன்று மாதம் வைத்து, எண்ணெயும் நீரும் பிரிகிறதா, நிறம், வாசனை, பிஎச் மாறுகிறதா என்று பார்ப்போம். பதினொரு வாரம் ஓடியிருந்தது. பாக்கி ஒன்றிரண்டு வாரம்தான். மேலே இருந்தவர்கள், கிடைத்த ரீடிங்கை வைத்து முடித்துவிடச் சொன்னார்கள். நோட்டில் மேடம் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மின்தடை. வெப்பநிலைப் பதிவு இல்லை. சோதனை ரத்து. நாள் 0 முதல் மீண்டும்." அதனால் அறிமுகம் தள்ளிப்போனது, அந்த வருஷம் அவருக்கு இன்கிரிமெண்ட் வரவில்லை. ஓய்வு பெற்று இவ்வளவு காலம் ஆகியும் எங்களிடம் இதைச் சொன்னதில்லை.

அந்த ஒரு பக்கத்தைச் சுற்றித்தான் மடலை எழுதினேன். பேரொளி, பெருந்தகை எல்லாம் அடித்துத் தூக்கிப் போட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மாலை பிளெக்ஸ் வந்தது. எட்டடியில் மேடம் சிரிக்கிறார், கீழே 'அழகுக்கலை நிபுணர்' என்று போட்டிருக்கிறது. 'அழகுசாதன வேதியியலாளர்' என்று நான் எழுதிக் கொடுத்ததைக் கடைத் தம்பி 'திருத்தி' இருக்கிறான். "சார், வேதியியல்னு போட்டா யாருக்கும் புரியாது சார்." இரவு பத்து மணிக்கு வேறு கடை தேடி மறுபடி அடித்தோம்.

மேடையில் மடலை வாசித்தபோது மேடம் நிமிரவே இல்லை. 2012 வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேசச் சொன்னால், "பதினோரு வாரம் இல்ல, பத்தரை" என்று திருத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தப்பாக அடித்த பிளெக்ஸ் வீணாகவில்லை. எங்கள் மொட்டை மாடியில் அதன் பின்பக்கத்தில்தான் இந்த வருஷ வடகம் காய்கிறது.