கலப்பு அரிசிச் சோறு

வேலூரில் நாம் படித்த காலத்து விடுதிச் சாப்பாட்டைப் பற்றி நம் பழைய மாணவர் சங்கத்தின் இந்த மலரில் எழுதாதவர்கள் குறைவு. தண்ணீர்ச் சாம்பார், கெட்டி உப்புமா எல்லாவற்றையும் கரித்துக் கொட்டியாகிவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் வருமே, அந்தக் கலப்பு அரிசிச் சோற்றை மட்டும் யாரும் தொடவில்லை.

ஒரு கவளத்தில் பாதி குழைந்திருக்கும், பாதி நறுக்கென்று பல்லில் கடிபடும். பொன்னியும் பச்சரிசியும் ரேஷன் புழுங்கலும் ஒரே அண்டாவில் வெந்தால் வேறெப்படி இருக்கும்? ரேஷன் அரிசியின் வாடை வேறு. ‘கதம்பம்’ என்று பெயர் வைத்துச் சிரித்தோம். அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

வடாற்காட்டுக் கிறிஸ்தவ சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடி அரிசிக் காணிக்கை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். உலை வைக்கும் நேரத்தில், வீட்டுக்கென்று அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவார்கள். மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி அல்ல, அளந்து வைத்ததிலிருந்து. விஷயமே இதில்தான் இருக்கிறது. ஐந்து பேருக்கு அளந்ததில் ஒரு பிடி குறைந்தால் யார் தட்டில் குறையும்? அப்பா தட்டிலா? கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவள் தட்டில்தான். மாதம் ஒருமுறை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு அந்த டப்பாக்கள் வரும். ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி தொலைந்த பால் டப்பா, துணிப்பை என்று எது கிடைத்ததோ அதில். எல்லாம் ஒரே கோணியில் கொட்டப்படும். கொட்டிய பிறகு எது யார் வீட்டு அரிசி என்று கண்டுபிடிக்க முடியாது. சில மாதம் அதை விற்று ஊழியத்துக்குப் பணமாக்குவார்கள், சில மாதம் மூட்டையாகவே நம் விடுதிக்கு வந்துவிடும்.

இது நமக்கு மட்டும் உரிய பழக்கம் என்று சொல்ல மாட்டேன். காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டம் ஒன்றைச் சொல்லி நடத்தினார். மிசோரம் சபைகளில் பெண்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதையே செய்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்காக வேலூருக்கு வந்து, சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் மாதக் கணக்கில் தங்குவது உங்களுக்கும் தெரியும்.

நம் சமையல் ஆயாம்மாவை நினைவிருக்கிறதா? காட்பாடிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் நடந்து வருவார். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். விடுதிச் சம்பளம் போதாமல் மத்தியானம் பாத்திரம் கழுவிய கையோடு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார். இலையை நறுக்கி, தூளைப் பரப்பி, உருட்டி, முனையை மடித்து, நூலைச் சுற்றி அறுப்பதெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் கணக்குப் பார்க்கிறவன் ஒரு கை அள்ளிச் சரியில்லை என்று ஒதுக்கிவிடுவான். ஒருநாள் கதம்பத்தைப் பார்த்து நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூத்தடித்தபோது அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: “இதுல எங்க வூட்டு அரிசியும் கீது. பேசாம துன்னுங்கடா.” கோபமெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகைக்கு என்று அவர் ஒரு கோழி வளர்ப்பார். குஞ்சிலேயே ஆண்டவருக்கென்று நேர்ந்து விட்டது. நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கடன்காரர் வாசலில் நின்றாலும் அதை விற்க மாட்டார். பண்டிகையன்று ஆராதனை முடிந்து ஆலயத்துக்கு வெளியே ஏலம் நடக்கும். பூசணிக்காய், கரும்பு, வாழைத்தார், முட்டை, கேக். பெரிய மனிதர்கள் ஒரு தேங்காயை ஐந்நூறுக்கு எடுத்து, “திரும்ப ஏலம் விடுங்க” என்று சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். அதிலும் தப்பில்லை, சபைக்குப் பணம் வேண்டுமே. ஆயாம்மாவின் கோழி மட்டும் எப்போதும் சந்தை விலைக்கே போகும். ஒரு வருஷம் வார்டன் ஐயாவே அதை எடுத்துவிட்டார். மறுநாள் விடுதியில் கோழிக் குழம்பு. ஒரு கோழி எத்தனை பையன்களுக்கு வரும்! வாசனைதான். தான் கொடுத்த காணிக்கையைத் தானே அறுத்துச் சமைத்து எங்களுக்குப் பரிமாறினார். அவர் தட்டுக்கு ஒரு துண்டாவது போயிருக்குமா என்பது சந்தேகம்.

நம் ஊர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியே பெரிய மனிதர் கொடை, சிறுகச் சேர்ந்த கொடை என்ற இந்த இரண்டு விதத்திலும் எழுந்ததுதான். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியத்துக்கு, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் எழுந்த மருத்துவமனை அவர் மனைவியின் பெயரைத் தாங்கியது. ஆரணி ரோட்டில் இன்றும் ஷெல் கண் ஆஸ்பத்திரி என்கிறோம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதற்குக் கட்டடம் வேண்டியபோது கதை வேறு மாதிரி நடந்தது. இந்தப் பள்ளி உட்பட ஆசியாவில் இருந்த ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக அமெரிக்க சபைப் பெண்கள் இருபது லட்சம் டாலர் திரட்டினால், ராக்ஃபெல்லர் குடும்ப நிதியம் பத்து லட்சம் தருவதாக ஏற்பாடு. லூசி பீபாடி என்ற அம்மையார் முன்னின்று ஊர் ஊராகக் கேட்டார். பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ராக்ஃபெல்லர் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது. அந்தப் பெண்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

ஆலயத்தில் காணிக்கை எடுக்கும் சிவப்பு வெல்வெட் பையும் எனக்கு இதனால்தான் பிடிக்கும். மூடிய கை உள்ளே போகும், திறந்த கை வெளியே வரும். ஐந்து பைசாவா ஐம்பது ரூபாயா என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. (பட்டனைப் போட்ட பையன்களும் நம் வகுப்பில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.) எருசலேம் ஆலயத்தில் இரண்டு காசு போட்ட விதவைக்கும் சுவிசேஷத்தில் பெயர் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக்குப் புதுச் சாப்பாட்டுக் கூடம் கட்ட நம் சங்கம் நிதி திரட்டுகிறது, நல்ல காரியம். ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுப்பவர்களின் பெயரைக் கருங்கல்லில் பொறிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆயாம்மா பரிமாறிய இடத்தில், டொராண்டோவில் மாதச் சம்பளம் வாங்கும் என் பெயர் கல்லில் இருந்தால் நன்றாகவா இருக்கும்? மிச்சத்திலிருந்து கொடுக்கிறோம், நம் தட்டில் ஒரு பருக்கையும் குறையப்போவதில்லை. கல்லுக்கு ஆகும் செலவை அரிசிக்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம், ஒரே தடவை பெரிய தொகை என்பதோடு, மாதா மாதம் கொஞ்சம் கையைக் கடிக்கிற அளவில் ஒரு தொகை அனுப்பச் சம்மதிப்பவர்கள் பொருளாளருக்குத் தனியாக எழுதுங்கள். பட்டியல் எதுவும் அச்சாகாமல் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.