ஷூ பெட்டியில் வந்த பிஸ்கட்

நாலு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மறுநாள், அக்கா மகன் பெங்களூரிலிருந்து காவேரிப்பட்டணம் வந்து இறங்கினான். கையில் ஒரு ஷூ பெட்டி, மூடியில் பேனாவால் குத்திய ஓட்டைகள். உள்ளே பழைய துண்டுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பன்றிக்குட்டி முனகிக்கொண்டு கிடந்தது.

"டீகப் பிக், சித்தி. பூனை சைஸுக்கு மேல வளராது. அபார்ட்மெண்ட்ல விட மாட்டேங்கிறாங்க. ரெண்டே மாசம் வெச்சுக்கங்க, வேற வீடு பாத்துட்டு வந்து எடுத்துக்கறேன்."

விலை 32,000 ரூபாய் என்றான். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அது 200 ரவிக்கை. பெயர் பிஸ்கட். என் மாமியார் வாயில் அது அன்றைக்கே பிஸ்கோத்து ஆகிவிட்டது.

போன வாரம் பிஸ்கட்டை டெம்போவில் ஏற்றி, மாங்காய் மண்டி எடைமேடையில் நிறுத்தினோம். பூச்சி மருந்து அளவுக்கு எடை தெரிய வேண்டியிருந்தது. 71 கிலோ. மண்டிக்காரர் பழக்கதோஷத்தில் சீட்டில் எழுதப் போனார்.

'வளராத பன்றி' என்று ஒன்று கிடையாது. டீகப் என்பது இனத்தின் பெயரே இல்லை, விற்கிறவர் வைத்த பெயர். ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 1960களில் ஆராய்ச்சிக்கூடத்துக்கென்றே ஒரு குட்டை இனத்தை உருவாக்கினார்கள். அதுவே வளர்ந்தால் 35, 40 கிலோ வரும். கனடாவில் எஸ்தர் என்று ஒரு பன்றி. 2012இல் மினி பிக் என்று நம்பி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், கடைசியில் கிட்டத்தட்ட 300 கிலோ ஆனது. அதோடு பார்த்தால் எங்கள் பிஸ்கட் ஒல்லிதான்.

அக்கா மகனுக்கு ஒரே சந்தேகம்தான். "தாயையும் தகப்பனையும் காட்டினாங்களே சித்தி, ரெண்டும் குட்டியாதானே இருந்துச்சு?" காட்டியிருப்பார்கள். பன்றி ஆறு மாசம் ஆவதற்குள்ளேயே சினை பிடிக்கக்கூடியது, 114 நாளில் ஈன்றுவிடும். ஆக, அவன் பார்த்த தாய்க்கே ஒரு வயசு நிரம்பாமல் இருந்திருக்கலாம். பன்றி மூன்று வருஷத்துக்கு மேலும் வளரும். தாயும் வளர்ந்துகொண்டிருந்த குட்டிதான். போதாததற்கு 'தினம் ரெண்டு கைப்பிடிக்கு மேல் போடாதீங்க' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பட்டினி போட்டால் எதுதான் சின்னதாக இருக்காது? முதல் மாசம் நானும் அந்தப் பேச்சைக் கேட்டு அளந்து போட்டேன். ராத்திரியெல்லாம் கத்தும். அந்தக் கத்தலை நினைத்தால் இப்போதும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பன்றி வளர்க்கிறவர்களை எங்கள் ஊர் ஓரமாகத்தான் வைத்திருந்தது. பன்றி தெருவுக்குள் வந்தால் கல்லெடுத்து அடிப்போம். சின்ன வயசில் நானும் அடித்திருக்கிறேன். 32,000 ரூபாய்க்கு வாங்கியது என்றதும் அதே தெரு எங்கள் வாசலில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டது. ஏரிக்கரைப் பக்கம் பன்றி வளர்க்கிற பெரியவர் ஒருவர் சைக்கிளில் போகும்போது நின்று பார்த்தார். "ஏம்மா, இதுக்கா அவ்ளோ துட்டு குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவரைத் தேடி ஓட வேண்டிய நாள் இரண்டாம் வருஷக் கோடையில் வந்தது. மாமியார் கிளிமூக்கு மாங்காயை உப்புத்தண்ணீரில் ஊறப்போட்டு, ஜாடியைப் பின்கட்டில் வைத்திருந்தார். நாங்கள் தர்மபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டோம். பிஸ்கட் தாழ்ப்பாளை மூக்கால் தூக்கித் திறக்கும். ஜாடியை உருட்டி, மாங்காயைத் தின்று, உப்புத்தண்ணீரையும் நக்கியிருக்கிறது. தன் தொட்டியை ஏற்கெனவே கவிழ்த்துவிட்டதால் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. திரும்பி வந்தபோது சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்பவில்லை. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது.

நான் அண்டா நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் அந்தப் பெரியவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்துவிட்டார். அவர் அண்டாவைக் காலால் தள்ளினார். "ஒரேயடியா காட்டாதம்மா, செத்துரும். கொஞ்சங் கொஞ்சமா." ஒரு சொம்பு கேட்டு வாங்கி, அரைச் சொம்பு வைத்தார். காத்திருந்தார். மறுபடி அரைச் சொம்பு. அவசரமே இல்லை அவருக்கு. இடது கை மட்டும் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தது. பிறகு வந்த கால்நடை மருத்துவரும் அதையேதான் சொன்னார். தண்ணீர் இல்லாமல் உப்பு ஏறினால் பன்றிக்கு மூளை பாதிக்கும், திடீரென்று நிறையத் தண்ணீர் குடித்தால் மூளை இன்னும் வீங்கும். விடியற்காலை நாலு மணிக்கு பிஸ்கட் என் புடவையைப் பிடித்து இழுத்தது. பெரியவர் திண்ணையிலேயே தூங்கியிருந்தார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. காபி மட்டும் குடித்தார்.

பின்கட்டில் குழி வெட்டச் சொன்னதும் அவர்தான். பன்றிக்கு நம்மைப்போல வேர்க்காது. சித்திரை வெயிலுக்கு அதற்குச் சேறு வேண்டும். அபார்ட்மெண்ட் பால்கனியில் சேற்றுக்கு எங்கே போவது? மூக்கால் மண்ணைக் கிளறுவதும் அதன் குணம், அடித்தாலும் போகாது. மண் இல்லாவிட்டால் தரையைக் கிளறும், மெத்தையைக் கிளறும். என் கறிவேப்பிலைச் செடி போயிற்று. கடையில் லைனிங் துணிப் பண்டல் ஒன்றும் போயிற்று.

பெட்டை என்பதால் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். அந்த இரண்டு மூன்று நாள் அது பிஸ்கட்டே இல்லை. கதவை முட்டும், ஓயாமல் கத்தும், ஒரு முறை என் மகளைக் கீழே தள்ளிவிட்டது. கருப்பை எடுக்கலாம் என்று உள்ளூரில் கேட்டால், மாடு ஆடு என்றால் செய்வோம், இதற்கு மயக்கம் கொடுத்துப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். பெங்களூருக்குத்தான் கொண்டுபோனோம். அந்தச் செலவு குட்டியின் விலையைத் தாண்டியது.

ஓட்டல் மிச்சம் எதுவும் போடக் கூடாது என்பதில் மருத்துவர் கறாராக இருக்கிறார். 2020இல் அசாம் பக்கம் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனுஷனுக்கு ஒட்டாது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்தில்லை. கறி கலந்த எச்சில் சோற்றில்கூட அது பரவுமாம். அதனால் எங்கள் வீட்டில் அதற்குத் தவிடு, கீரை, கொஞ்சம் களி. மாம்பழம் கொட்டை நீக்கித்தான்.

நாற்றம் என்று மூக்கைப் பிடிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மலம் கழிப்பது ஒரே மூலையில்தான், படுக்கிற இடத்தை அசிங்கம் செய்யாது. என் தையல் மெஷின் நின்றால் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்து கடைப்படியில் வந்து உட்காரும்.

'எங்கே வாங்கினீங்க அக்கா' என்று இன்னும் கேட்கிறார்கள். கொல்லை எத்தனை சென்ட் என்று கேட்பேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

அக்கா மகன் ஞாயிறுதோறும் வீடியோ காலில் அதைக் காட்டச் சொல்வான். இரண்டு மாசக் கணக்கை அவனும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. பன்றி நல்லபடியாக இருந்தால் 15 வருஷம் இருக்கும் என்று மாமியாரிடம் சொன்னேன். அவருக்கு 74. தட்டில் இருந்த களியில் ஒரு உருண்டை பிய்த்து வாசல்படிக்கு நீட்டினார்.

"தின்னுடி பிஸ்கோத்து. யாரு முந்துறோம்னு பாக்கலாம்."