மிஸ்ஸிங் அடித்த வண்டியும் ஒற்றைக் காயிலும்

நிற்கும்போது ஐடிலிங்கில் கார் உதறியது. திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போது பிக்கப் விழுந்து, செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னியது. பெட்ரோல் வண்டியில் அது மின்ன ஆரம்பித்தால் தொடர்ந்து ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே கெடுத்துவிடும். பாளையங்கோட்டையில் வீட்டு வாசல் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டேன்.

ப்ளூடூத் ஸ்கேனரில் பி0303 என்ற எரர் கோடு வந்தது. கடைசி எண்தான் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடிக்கிற சிலிண்டர். பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் பக்கமிருந்து எண்ண வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற நாலு இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"மூணாவது காயிலைக் கழத்தி ரெண்டாவது சிலிண்டர்ல போடுங்க தம்பி. கோளாறு கூடவே போச்சுன்னா காயில்தான். அங்கேயே நின்னா பிளக்கு, இன்ஜெக்டரைப் பாக்கணும்" என்றார்.

காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் காயில் வாங்க வேண்டாம்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். காயில் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிற சாமான், அதில் அசட்டை கூடாது. அடுத்தது காயிலில் வயர் வந்து சேர்கிற கப்ளர். நம்ம ஊர் வெயிலுக்கும் இன்ஜின் சூட்டுக்கும் அந்தப் பிளாஸ்டிக் லாக் மொறுமொறுப்பாகியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், லாக்கை அமுக்கிப் பொறுமையாக உருவ வேண்டும். 10-ஆம் நம்பர் போல்ட்டைக் கழற்றி, காயிலை இடமும் வலமுமாக லேசாகத் திருகினால், பிளக்கைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறையான பூட் விட்டுக்கொடுக்கும்.

வெளியே வந்த பூட் ரப்பரில் முடி கனத்துக்கு ஒரு விரிசல், அதை ஒட்டிச் சாம்பல் நிறக் கோடு. கரண்ட் பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக இன்ஜின் பாடிக்குப் பாய்ந்திருக்கிறது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்தும் பார்த்தேன். அங்கே ஆயில் நின்றால் வால்வு கவர் பக்கம் கசிவு. அதைச் சரிசெய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். நல்லவேளை, குழி காய்ந்து கிடந்தது.

இடம் மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் பழைய எரர் கோடை அழித்து, ஐடிலிங்கில் மட்டும் ஓடவிட்டேன். பி0302! சந்தேகம் தீர்ந்தது.

அதே பார்ட் நம்பரில் ஒரு காயில் மட்டும் வாங்கினேன். பூட் உள்விளிம்பில் கரண்ட் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி தடவி, அடிவரை உட்கார அமுக்கி, போல்ட்டை அளவாக முறுக்கினேன். அப்புறம் அம்பை வழியாகப் பாபநாசம் வரை போய் வந்தேன். எங்கேயும் ஜெர்க் இல்லை. ஸ்கேனரிலும் எரர் கோடு எதுவும் வரவில்லை.