சஃபோக்கில் ஈயம் உருக்கக் கற்றுக்கொண்டது

2014-இல் ஹெச்1பி விசாவில் வர்ஜீனியாவின் சஃபோக் ஊருக்கு வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த முகம் என்று ஒன்றுதான் இருந்தது, அது கடலைச் செடி. நான் திண்டிவனத்துக்காரன். கடலை விதையை டி.எம்.வி. 7 என்று சொல்வார்களே, அந்த டி.எம்.வி. எங்கள் ஊர்தான். இங்கே ஒரு கடலை ஆலையில் கருவிப் பராமரிப்பு வேலை. செப்டம்பர் கடைசியில் ஊரைச் சுற்றி டிராக்டர்கள் செடியைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே போகும். முதல் வருடம் அந்தப் பச்சைக் கடலை வாசனை மூக்கில் ஏறியதும் காரை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரோடு பேச்சு ஆரம்பித்ததும் கடலையில்தான். நாற்பது வருடம் கடலை போட்டவர். எங்கள் பக்கம் காட்டுப்பன்றியும் மயிலும் கடலையைக் கிளறும் என்றேன். இங்கே மான் என்றார். சாயங்காலம் தன் பிக்கப்பில் கூட்டிப்போய் வரப்போரம் நிறுத்திக் காட்டினார். பைன் தோப்பிலிருந்து ஒன்று, இரண்டு என்று வந்து பதினாலு மான் கடலைக் காட்டில் மேய்ந்தன. கிண்டி மானைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தே வளர்ந்தவனுக்கு அது பெரிய காட்சி. அவர் முகத்தில் மட்டும் நஷ்டக் கணக்கு ஓடியது.

நவம்பரில் வேட்டைக்கு வா என்றார். நான் தயங்கினேன். நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் மானைத் தொட்டால் ஜெயில். போதாததற்கு விசா. நீங்களும் விசாவில் இருந்தால் இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் இங்கே துப்பாக்கியை மட்டுமல்ல, ஒரு தோட்டாவை வைத்திருப்பதும் ஃபெடரல் குற்றம். விதிவிலக்குகள் சிலதான், அதில் ஒன்று மாநிலம் தரும் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். நண்பனின் துப்பாக்கியை ஒரு நாள் கையில் வாங்கிப் பார்த்தேன் என்பதெல்லாம் விளையாட்டில்லை. நான் 2016-இல் பாதுகாப்பு வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, உரிமம் வாங்கிய பிறகுதான் அவர் ஷாட்கன்னைத் தொட்டேன்.

இந்தப் பக்கத்து வேட்டை தனி ரகம். ப்ளூ ரிட்ஜ் மலைக்குக் கிழக்கே நாய்களை விட்டு மான் விரட்டுவது பழைய வழக்கம், சட்டமும் அனுமதிக்கிறது. விடிகாலையில் வேட்டை கிளப்பில் பிஸ்கட்டும் காபியும், ஒரு ஜெபம், அப்புறம் ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் தோப்பைச் சுற்றி ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள். உள்ளே நாய்கள் குரல் கொடுத்துக்கொண்டே வரும். மான் புதரைப் பிளந்துகொண்டு ஓடிவந்து இருபது கஜத்தில் கண்ணில் பட்டு, இரண்டு நொடியில் மறைந்துவிடும். ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கும் மேல் பறக்கும், சுற்றிலும் ஆட்கள் நிற்கும் சமதரைக் காட்டில் அது ஆபத்து. அதனால்தான் பக்‌ஷாட்: ஒரே தோட்டாவில் பெரிய ஈயக் குண்டுகள் சில, கிட்டத்தில் மட்டும் வேலை செய்யும்.

2020 வந்ததும் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலி. ஐந்து தோட்டா போட்ட சின்னப் பெட்டிகூடக் கிடைக்கவில்லை. பெரியவர் சிரித்துக்கொண்டே என்னைத் தன் ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் கடைத் தோட்டா வாங்கியே பல வருடமாகிறதாம். ஈயக் குண்டை வார்ப்பதும் தோட்டாவில் நிரப்புவதும் அவரே. சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வேண்டும்.

ஷெட்டில் கால் வைத்ததும் எனக்கு எங்கள் தெருதான் ஞாபகம் வந்தது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் துருத்தி வைத்து, நவச்சாரப் புகை கிளம்ப, பித்தளைக் குண்டானைச் சுழற்றிச் சுழற்றிப் பஞ்சால் துடைப்பார். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அந்த வகைதான். ஆனால் அது வெள்ளீயம். இது காரீயம். பேரில் பாதி ஒன்று, குணம் வேறு. இதை நான் அன்றைக்கே இன்னும் அழுத்தமாக நினைத்திருக்க வேண்டும்.

அவருடைய ஈயம் டயர் கடையிலிருந்து வருகிறது. வீல் பேலன்ஸிங் செய்யும்போது சக்கர விளிம்பில் அடிப்பார்களே, அந்தப் பழைய எடைகள். பழையதில் ஈயத்தோடு அதைக் கடினமாக்கும் ஆன்டிமனி கொஞ்சம் கலந்திருக்கும். பக்‌ஷாட்டுக்கு அந்தக் கடினம் வேண்டும், சுத்த ஈயம் ரொம்ப மெத்து, குழலுக்குள் நசுங்கி, வெளியே வந்ததும் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே போகும். ஆனால் இப்போது வரும் வாளியில் இரும்பும் துத்தநாகமும் நிறைய. எனக்கு அவர் கொடுத்த முதல் வேலை தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்ப்பது. ஈயம் என்றால் பல் இறங்கும், துத்தநாகம் வழுக்கும். ஈயம் உருகுவது 327 டிகிரி செல்சியஸில், துத்தநாகம் 420-இல். அதனால் தப்பி விழுந்த துத்தநாகத் துண்டு, சூட்டை அடக்கி வைத்தால், உருகாமல் மேலே மிதக்கும், அள்ளிப் போட்டுவிடலாம். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் அதுவும் கரைந்து சட்டி மொத்தமும் பாழ், கஞ்சி மாதிரி கட்டிதட்டி அச்சில் இறங்கவே இறங்காது.

உருகியதும் ஒரு விரல்நுனி தேன்மெழுகு. குப்பென்று தீப்பிடிக்கும், கிளறிக்கொண்டே இருந்தால் மேலே சாம்பல் நிறத்தில் கசடு திரளும், அதை வழித்தெடுத்தால் அடியில் கண்ணாடி மாதிரி முகம் தெரியும் ஈயம். அலுமினிய அச்சில் ஊற்றித் திறந்தால் காம்பில் கோத்த திராட்சை போல வரிசையாகக் குண்டுகள். முதல் நாலைந்து வார்ப்பு சுருங்கிச் சுருங்கித்தான் வரும். கல் காயாமல் ஊற்றின தோசைதான், அச்சு காய வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றும் வழவழவென்று விழும். ஆறியதும் காம்பிலிருந்து நறுக்கி எடுக்க வேண்டும், அன்று இரவு எனக்கு உள்ளங்கையில் கொப்புளம்.

அவர் வைத்திருக்கும் அச்சு டபுள் ஆட் (00) என்கிற பக்‌ஷாட் அளவு. ஒரு குண்டு 8.4 மில்லிமீட்டர், சுமார் மூன்றரை கிராம். 12 கேஜ் தோட்டாவில் ஒன்பது குண்டு, மூன்று மூன்றாக மூன்று அடுக்கு. ஒரு கிலோ ஈயத்தில் கழிவு போக முப்பது தோட்டா தேறும். 12 கேஜ் என்ற பேருக்கு அர்த்தமும் அந்த ஷெட்டில்தான் புரிந்தது: குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டை பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு.

தண்ணீர் மட்டும் கிட்டே வரக்கூடாது. ஒரு தடவை சிமென்ட் தரையில் கிடந்த ஈயக் கட்டியை நான் நேரே சட்டிக்குள் விட்டேன். ஆகஸ்ட் மாதம், கட்டியின் அடியில் ஈரம் வியர்த்திருந்தது எனக்குத் தெரியவில்லை. படாரென்று சத்தம், கூரைவரை ஈயம் தெறித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. முழங்கைக்குக் கீழே கடுகளவு தழும்பு மூன்று இன்னும் இருக்கிறது. பெரியவர் திட்டவில்லை. அடுத்த கட்டியை எடுத்துச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்து, காயும்வரை பேசாமல் நின்றார்.

நிரப்பும் வேலை அவர் சாப்பாட்டறை மேஜையில். அழைப்பு வந்தாலும் போனை எடுக்கக்கூடாது. சுட்ட தோட்டாக் கூட்டின் வாயில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது, அடியில் தீப்பொறி கொடுக்கும் பழைய பிரைமரைத் தள்ளிப் புதியது பொருத்துவது, வெடிமருந்தைத் தராசில் நிறுப்பது, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாட், அதன்மேல் குண்டுகள் கையால் அடுக்கி, இடைவெளியில் பொடி தூவி, வாயை மடிப்பது. மருந்து தயாரிக்கும் நிறுவனத்தின் புத்தகத்தில் எந்தக் கூடு, எந்தப் பிரைமர், எந்த வாட், எவ்வளவு மருந்து என்று போட்டிருக்கிறதோ அதுவேதான். ஒன்று கிடைக்கவில்லையே, வேறொன்று போடுவோம் என்றால் அன்றைக்கு வேலை கிடையாது, எழுந்து போய்விடுவார். எனக்கு ஆலையில் பத்து வருட அனுபவம், இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் ஆளை அங்கே நான் பார்த்ததில்லை.

அப்புறம் காகிதத்தில் சுட்டுப் பார்த்தோம். 25 கஜத்தில் ஒன்பது ஓட்டையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். 40 கஜத்தில் தட்டளவுக்குள் ஐந்துதான், மற்றது எங்கோ. அந்த நாலு குண்டு மானின் வயிற்றில் பட்டு அது சதுப்புக்குள் ஓடி இரண்டு நாள் கிடந்து சாகும் என்பதை நினைத்துப் பார்த்தேன். 30 கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. கிளப்பில் சிலருக்கு இதில் வேறு கருத்து, ஆனால் அந்தக் காகிதத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியாது.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மாநிலத்தின் தென்மேற்கில் வித் (Wythe) கவுண்டிக்குப் போனோம், நியூ ரிவர் ஓரம் 1807-இல் கட்டி முடித்த ஜாக்சன் ஃபெர்ரி ஷாட் டவர், அதாவது ஈயக் குண்டு செய்த கோபுரம், இருக்கிறது. எழுபத்தைந்து அடி கல் கோபுரம், கீழே இன்னும் எழுபத்தைந்து அடிக்குக் குழி. உச்சியில் ஈயத்தைச் சல்லடையில் ஊற்றினால் நூற்றைம்பது அடி விழுவதற்குள் துளி தானே உருண்டு, அடியில் தண்ணீர்த் தொட்டியில் போய் விழும். சின்னக் குண்டுக்கு அது சரி, பக்‌ஷாட் அளவுக்குத் துளி உருளாது, அதற்கு அச்சுதான்.

2021 டிசம்பர். மகளுக்கு ஒரு வயதுப் பரிசோதனை, விரலில் குத்தி ரத்தத்தில் ஈயம் பார்த்தார்கள், பிறகு நரம்பிலிருந்தும் எடுத்தார்கள். டெசிலிட்டருக்கு 4.6 மைக்ரோகிராம். அந்த அக்டோபரில்தான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி குழந்தைகளுக்கான எச்சரிக்கை அளவை 5-லிருந்து 3.5-க்குக் குறைத்திருந்தது. இரண்டு மாதம் முன்னால் போயிருந்தால் பரவாயில்லை என்று அனுப்பியிருப்பார்கள். வீடு 1978-க்கு முன் கட்டியதா, ஈயம் கலந்த பழைய பெயின்ட்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை. வீட்டில் யாராவது மீன்பிடி ஈயக்குண்டு வார்ப்பதுண்டா, தோட்டா நிரப்புவதுண்டா? நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி என் ஷூவைப் பார்த்தாள்.

ஆவியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவைத்துத்தான் உருக்குவோம். உண்மையில் ஆபத்து அந்தச் சாம்பல்நிறக் கசடில். மாவு மாதிரி ஷூ அடியில், பேன்ட் மடிப்பில், நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. குழந்தை தவழ்வது அதே தரையில், அப்புறம் கை நேரே வாய்க்கு. சாயங்காலம் ஷெட்டிலிருந்து வந்து அப்படியே அவளைத் தூக்கிய நாட்களை எண்ணிக்கொண்டு அன்றிரவு தூங்கவில்லை.

“நிறுத்திடுங்க” என்றாள் மனைவி. மூன்று மாதம் நிறுத்தினேன். தரையை விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால்தான் துடைத்தோம். கார் மிதியடிகளைக்கூடக் கழுவினேன். மார்ச்சில் 2.1. பெரியவரிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. அடுத்த வாரம் தானே போய்ப் பரிசோதித்துக்கொண்டார், ஐம்பது வருடத்தில் முதல் தடவை. அவருக்கு 17.

இப்போதும் வார்க்கிறோம், வருடத்துக்கு இரண்டு சனிக்கிழமை. சாப்பாட்டறை மேஜை ஷெட்டுக்குப் போய்விட்டது. கசடு மூடி போட்ட டப்பாவில், அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்கு. சட்டை பேன்ட் தனி வாளியில், தனியாகத் துவைப்பது. சுட்ட மானில் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம்தான் மிளகுக் கறியாகிறது, மகளுக்கு அதுவும் கிடையாது, அவளுக்குக் கோழி. ஷெட் வாசலில் பெரியவர் ஒரு பலகை அடித்திருக்கிறார், அதன்மேல் இரண்டு ஜோடி பூட்ஸ், பக்கத்தில் சோப்பும் தண்ணீர்க் குழாயும். வேலி ஓரம் நின்று மகள் கூப்பிட்டால், நான் கை கழுவி முடிக்கும்வரை அவர்தான் அவளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார், அவரும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று.